நாற்பதிலிருந்து இறங்குகிறேன்

மார்ச் 4, 2024
பெருங்குடல் அழன்று புண்ணாகும் அல்சரேட்டிவ் கோலைடிஸ்தான் என்று, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் உறுதியாகிவிட்டது. நேற்று ராத்திரி மட்டும் எட்டுத் தடவை எழுந்து ஓடினேன், எட்டுத் தடவையும் ரத்தம். இன்று முதல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தினம் 40 மில்லிகிராம். காலையில் சாப்பிட்டதும் மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலும் காலையில்தான் அதிகமாம். மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கசப்பு காபி குடித்தாலும் போவதில்லை.

மார்ச் 10
ரத்தம் நின்றுவிட்டது. குளியலறையிலேயே நின்று அழுதேன்.

ஆனால் தூக்கம் போயே போய்விட்டது. இரண்டு மணிக்குத் துணி மடிக்கிறேன், பசிக்கிறது, பழைய சோறு தேடுகிறேன். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதே வகை ஸ்டீராய்டான கார்டிசோன் ஊசி போட்டுச் சில நாளில் எழுந்து நடந்தார் என்று படித்தேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 24
போன வாரத்திலிருந்து 35. பெரியம்மா வந்திருந்தார். கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, முகம் பூரி மாதிரி உப்பிக் கிடக்கு? அந்த மாத்திரையை இன்னிக்கே தூக்கிப் போடு" என்றார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதைச் செய்தால் ஆபத்து. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் அதனால் உடனே ஈடுகொடுக்க முடியாது. பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகலாம். அதனால்தான் வாரம் ஐந்து ஐந்தாகக் குறைக்கிறோம். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது. பெரியம்மாவுக்கு இதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. பரவாயில்லை, கேட்டுக்கொண்டார்.

ஸ்டீராய்டால் சாப்பிட்ட பின் சுகர் 182. எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம், வைட்டமின் டி.

ஏப்ரல் 17
15-க்கு வந்தாச்சு. மூட்டெல்லாம் வலி, படியேறினால் கால் தளர்கிறது. டாக்டரிடம் போனில் சொன்னேன், குறைக்கும்போது இப்படி வருவதுண்டாம், அதிகமானால் உடனே வரச் சொன்னார். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்குமுன் அதில் அன்றைய அளவை எழுதுகிறேன்.

மே 5
கடைசி 5. குடல் அழற்சிக்கான மெசலமைன் மருந்து தொடரும். சுரப்பி முழுசாக விழிக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், கடும் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் ஸ்டீராய்டு எடுத்ததை முதலில் சொல்ல வேண்டும். தேதி, அளவு எல்லாம் ஒரு சீட்டில் எழுதி, பர்ஸில் ஆதார் அட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.