முக்திநாத சேவையும் அப்பாவுக்கு ஒரு பித்தளைக் கிண்ணமும்

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "பெருமாளே, இவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பி வை, முக்திநாத்துக்கே வந்து உன்னை சேவிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். திருப்பதி வாயில் வரவில்லை, நேபாள மலைமேல் இருக்கிற முக்திநாத்தான் வந்தது. அது அப்பாவின் நாற்பது வருஷத்து ஆசை. திருமங்கையாழ்வார் பாசுரம் பாடி மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் என்கிற திவ்யதேசம் அதுதான். எங்கள் வீட்டுக் கோவிலாழ்வாரில், அதாவது பூஜை மண்டபத்தில், இருக்கிற சாளக்கிராமக் கல் மூர்த்திகள் எல்லாரும் அந்தக் கண்டகி நதியில் அவதரித்தவர்கள். "அவாளோட ஊரை ஒரு தரம் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு இப்போது 78 வயசு, அந்த உயரத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ போயிட்டு வாம்மா, உன் கண்ணால நான் சேவிச்சதா இருக்கட்டும், தீர்த்தம் மட்டும் கொஞ்சம் கொண்டு வா" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா திருவாராதனம் என்கிற தினப்பூஜை பண்ணுகிற ஐந்து வட்டில் (தீர்த்தம் சேர்க்கிற சின்னக் கிண்ணம்), சேர்த்த தீர்த்தத்தை விடுகிற படிக்கம், தூபக்கால் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பது சின்ன வயசிலிருந்து என் வேலை. கும்பகோணத்துப் பித்தளை, பாட்டி காலத்தது. சனிக்கிழமை வந்தால் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே தேய்த்திருக்கிறேன். அப்பா பெருமாளுக்குப் பண்ணுகிறார், நான் பாத்திரம் தேய்க்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பயணத்தைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், அரை மணி கூட ஆகாது, ஆனால் காலையில் மட்டும்தான் பறக்கும், வெயில் ஏறினால் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். இரண்டு நாள் விடிகாலையில் எழுந்து குளித்து ஏர்போர்ட்டில் காத்திருந்து இரண்டு நாளும் ரத்து. மூன்றாம் நாள் ஜீப்பில் பேனி, தாதோபானி வழியாகக் கிளம்பினோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் காளி கண்டகி, நடுவில் ரோடு என்று ஒன்று இருப்பதாக டிரைவர் மட்டும் நம்பினார். கூட வந்த மாமி ஒருவர் போகும்போது ஆரம்பித்த விஷ்ணு சகஸ்ரநாமத்தை இறங்குகிற வரைக்கும் நிறுத்தவே இல்லை. எங்களை அழைத்துப் போனவர்கள் சொன்ன ஹீட்டர் ரூமும் இல்லை, வெந்நீரும் இல்லை. கோவிலுக்குக் கீழே இருக்கிற ராணிபௌவா ஊரில் ராத்திரி இரண்டு ரஜாய் போர்த்தியும் பல் கிட்டியது. காலையில் குதிரைக்காரர்கள் வேறு ஆளுக்கொரு ரேட் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், மேலே போகும் வழியே தெரியாத புதுசு என்று பார்த்தால் இன்னும் கூடச் சொல்கிறார்கள். நான் நடந்தே போனேன். 3,700 மீட்டருக்கு மேலே பத்துப் படி ஏறினால் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், நின்றேன், பரவாயில்லை.

கோவிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரை. ஒவ்வொன்றும் காளை முகம், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் பனி உருகின தண்ணீர். முதல் தாரை தலையில் விழுந்ததும் மூச்சு நின்றது போல் இருந்தது, நூற்றெட்டாவதில் குளிரே தெரியவில்லை. அதற்குள் ஒரு கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையை அடைத்து வீடியோ எடுக்கிறது, பின்னால் வயசானவர்கள் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த மனசு எப்படி வருகிறதோ. சன்னதியில் பெருமாளைப் பார்த்ததும் அப்பா பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, நகரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு என் ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெருமாளையே பௌத்தர்கள் கருணையே வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பேர் சூமிக் கியாத்சா, நூறு நீரூற்று என்று அர்த்தம். பிக்குணிகளும் அங்கே கைங்கர்யம் பண்ணுகிறார்கள். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோவில், அதுவும் அவர்கள் பொறுப்பில். தரையில் குனிந்து பார்த்தால் கம்பி வலைக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம், அதன் மேலே நீலமாய்ச் சின்னச் சுடர். சேவித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்த வயசான பிக்குணியைப் பார்த்தேன். பீடத்தில் புத்தருக்கு முன்னால் ஏழு பித்தளைக் கிண்ணம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒவ்வொன்றையும் துணியால் உள்ளே வெளியே துடைத்தார், ஏற்கெனவே பளபளவென்று இருந்ததைத்தான். காலிக் கிண்ணத்தை அப்படியே நிமிர்த்தி வைக்கவில்லை, எதிலும் ஒரு சொட்டாவது விட்டுத்தான் பீடத்தில் வைத்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தானிய மணி அகலம் இடைவெளி. அப்புறம் இடமிருந்து வலமாக ஊற்றினார், ஆரம்பத்தில் நூல் மாதிரி, நடுவில் கொஞ்சம் பருத்து, முடிக்கும்போது மறுபடி நூல், பார்லி மணி மாதிரி. விளிம்புக்கு ஒரு மணி அளவு கீழே நிறுத்தினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. என் அப்பா உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் வட்டிலில் தீர்த்தம் சேர்க்கிற அதே நிதானம். எந்தக் கிண்ணம் எதற்கு என்று கைடிடம் கேட்கச் சொன்னேன். குடிக்க நீர், கால் அலம்ப நீர், பூ, தூபம், தீபம், சந்தனம், அன்னம் என்றார். திருவாராதனத்தில் அர்க்யம், பாத்யம் என்று சொல்லித் தீர்த்தம் சேர்க்கிற அப்பா குரல் காதில் கேட்டது.

கிண்ணத்தைச் சுற்றிலும் அஷ்டமங்கலம் பொறித்திருந்தது. குடை, இரட்டை மீன், கலசம், தாமரை, வலம்புரிச் சங்கு, முடிவில்லாத முடிச்சு, வெற்றிக்கொடி, சக்கரம். அந்த முடிச்சுக்குத்தான் ஸ்ரீவத்ஸம் என்று பேர். பெருமாள் திருமார்பில் இருக்கிற ஸ்ரீவத்ஸம்! சங்கும் சக்கரமும் வேறு. நான் கைகூப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. என் கையைப் பார்த்துவிட்டு, துடைத்த துணியை என்னிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு விளக்கை நான் துடைத்தேன். சரியாகத் துடைக்கிறேனா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கிணற்றடியில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை சனிக்கிழமையும் அப்போது மனசில் வந்து போயின.

அப்பாவுக்கு அந்த மாதிரி ஒரு கிண்ணம் வாங்காமல் போவதில்லை என்று முடிவு பண்ணிக் காத்மாண்டு வந்தேன். வந்தால் கடைத்தெருவில் ஒருவர் விடவே இல்லை. ஏழு உலோகம், பௌர்ணமி ராத்திரியில் அடித்தது, லாமா மந்திரம் ஓதினது என்று அடுக்குகிறார். எடுத்துப் பார்த்தேன், எட்டுச் சின்னமும் அச்சில் அழுத்தினது, எல்லாக் கிண்ணத்திலும் ஒரே சங்கு, ஒரே வளைவு, மேலே வார்னிஷ். பெருமாள் பாத்திரத்தில் பொய் சொல்லி விற்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

அடுத்த நாள் பக்கத்தில் இருக்கிற பாட்டன் நகரத்துக்குப் போனேன். மகாபௌத்த கோவில் பக்கத்துச் சந்துகளில் அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்கள் இன்னமும் சுத்தியல் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார், உள்ளே சுத்தியல் விழுந்த சின்னச் சின்னக் குழி மீன் செதில் மாதிரி வரிசையாய். சின்னங்களை உளியால் ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார், இரண்டு மீனும் ஒரே மாதிரி இல்லை. சக்கரத்தைத் தேடினேன், காணோம். அந்த இடத்தில் சாமரம். எங்கள் நேவார் வழக்கம் இதுதான், திபெத்தியர்கள்தான் சக்கரம் போடுவார்கள் என்றார் ஹிந்தியில். நம் ஊர்க் கும்பாபிஷேகத்து அஷ்டமங்கலத்திலும் இரட்டைச் சாமரம் உண்டே! அதற்கு மேல் விலை பேச மனசு வரவில்லை.

பணம் வாங்கின பிறகுதான் அவர் முக்கியமானதைச் சொன்னார். தினமும் தேய்க்காதே, தினமும் துடை. தண்ணீரை ராத்திரி விடாதே, நின்றால் கோடு விழும், கோடு கறுத்துக் களிம்பாகும். சாயங்காலம் கொட்டி, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துக் கவிழ்த்து வை. சின்னங்களின் இடுக்கில் சேர்கிற அழுக்குக்கு மெல்லிய பிரஷ் போதும், செங்கல் பொடியும் கம்பி நாரும் பட்டால் ஐந்து வருஷத்தில் மீனுக்குக் கண் இருக்காது. புளியை நான் கேட்டேன். எப்போதாவது போடலாம், உடனே கழுவிவிட வேண்டும் என்றார். அது உண்மைதான், புளியில் ஊறப்போட்டு மறந்தால் துத்தநாகம் கரைந்து பித்தளை சிவந்து போகும், பாட்டியின் ஒரு வட்டில் என்னால் அப்படித்தான் சிவந்தது.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தை அப்பா கையில் கொடுத்தேன். பௌத்தர்கள் பாத்திரம், ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ என்று ஜீப் ரோட்டைவிட அதற்குத்தான் பயந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிச் சுற்றினார். முடிச்சில் விரல் நின்றது. "இது ஸ்ரீவத்ஸம்னா?" என்றார். சாமரத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. 108 தாரைத் தீர்த்தத்தை அதில் சேர்த்து மூர்த்திகளுக்கு முன்னால் வைத்தார், வட்டில்களை இடிக்காமல், நான் சொன்னபடி ஓர் அரிசி அகலம் இடம் விட்டு.

இப்போதெல்லாம் விளக்கேற்றினதும் திண்ணையிலிருந்து குரல் வந்துவிடுகிறது. "கிண்ணத்தைத் துடைச்சுக் கவுத்தாச்சா?"

கவுத்தாச்சு அப்பா.