முதியவர்களிடம் கற்ற குழந்தைப் பாட்டுகள்

நோர்வேக்குப் புதிதாக வருபவர்களுக்கு மொழி வகுப்போடு சேர்த்து, நாட்டைப் பற்றிய பாடம் என்று 75 மணித்தியாலம் வைத்திருக்கிறார்கள். 1814இல் அரசியலமைப்பு எழுதிய கதை, வரி எங்கே போகிறது, பிள்ளைக்கு ஏன் கை ஓங்கக்கூடாது, எல்லாம் அதில் வரும். தேவையான பாடம்தான். ஆனால் வேலைக்குப் போன பிறகு, தேநீர் இடைவேளையில் யாரோ ஒருவர் "யென்ஸ், அம்மா சொல்வதைக் கேட்காதே!" என்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். அந்த யென்ஸ் யார் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

யென்ஸ் ஒரு கதைப்புத்தகத்துச் சிறுவன். வெள்ளைப் பாணும் சிரப்பும் தின்று பல்லைச் சொத்தையாக்கிக்கொண்டவன். அவன் பல்லுக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் காரியுஸ், பாக்துஸ் என்ற இரண்டு குட்டிப் பூதங்கள்தான், பல் விளக்காதே என்று அவனைக் கெஞ்சுகின்றன. தோர்பியோர்ன் எக்னர் எழுதி, படமும் அவரே வரைந்து 1949இல் வந்த புத்தகம். இங்கே பிறந்த எவருக்கும் அந்த இரண்டு பெயரும் தெரியும். வாய் திறக்க மறுக்கும் பேரனுக்கும் அதே வசனம்தான், பல் வைத்தியரிடம் போய் வந்த தாத்தாவுக்கும் அதே வசனம்தான்.

எனக்கு இதெல்லாம் கிடைத்தது முதியவர்களிடமிருந்து. மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு சிற்றூரில் முதியோர் இல்லத்தில் உதவித் தாதியாக வேலை. என் பிரிவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மறதி நோய். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மத்தியானம் நினைவில் இராது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் வட்டமாக இருத்திப் பாட்டுப் போட்டால், மகளின் பெயரை மறந்தவர்கூட மூன்று பத்தியையும் சொல் பிசகாமல் பாடுவார்.

முதலில் என் காதில் விழுந்தது, படகு வலித்து மீன் பிடிக்கப் போகும் பாட்டு. பிள்ளையை மடியில் வைத்து, இரண்டு கையையும் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பாடுவது. பிடித்த மீனில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மீனை இழுத்தவருக்கு மட்டும் இரண்டு! அந்த இடத்தில் மடியில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பார்கள். எனக்கு இந்தப் பங்கு பிரிப்பு மிகவும் பிடித்துவிட்டது. கடலை நம்பி வாழ்ந்த வீடுகளின் பாட்டு. உழைத்தவர் கைக்குக் கூடுதலாகப் போக வேண்டும் என்று நடக்கத் தெரியாத பிள்ளைக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். கதிரையில் ஆடி ஆடிப் பாடிய ஒரு அம்மாவைப் பார்த்தபோது, அம்மம்மா என்னைக் காலில் இருத்தி "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" பாடியது உடம்புக்கே ஞாபகம் வந்தது. நானும் கூடவே ஆடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டுக்குட்டிப் பாட்டும் அப்படித்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நேர்சரியில் ஆங்கிலத்தில் பாடிய கறுப்பு ஆட்டுப் பாட்டு சுவீடனுக்குப் போய், ஆலிஸ் தேக்னேர் என்ற இசையமைப்பாளர் கையில் வெள்ளை ஆட்டுக்குட்டியாகிப் புது மெட்டும் பெற்று, நோர்வேக்கும் வந்திருக்கிறது. கம்பளிக்குப் பங்கு கேட்கும் எசமானும் எசமானியும் இதில் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, குட்டித் தம்பிக்கு இரண்டு சோடி காலுறை. குளிர் நாட்டில் காலுறை சும்மா விசயமில்லை. பிள்ளைகள் வளர்ப்பு நிலையத்துக்குப் போன முதல் வாரமே, கம்பளிக் காலுறை கொண்டு வாருங்கள் என்று எங்களுக்கும் சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூறு தாண்டியவர்கள் மார்கரெத்த முந்தயின் பாட்டுகளைப் பாடுவார்கள். அவர் 1931இலேயே காலமானவர். பலவற்றில் பிள்ளைகளைத் திருத்தும் குரல் கூடுதல். எனக்கு அவை அவ்வளவு ஒட்டவில்லை, செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிக்கும் பாட்டைத் தவிர. அவர்களைவிடக் கொஞ்சம் இளையவர்கள், எண்பதுகளில் இருப்பவர்கள், வானொலியோடு வளர்ந்தவர்கள். 1947இல் தேசிய வானொலியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. எக்னரும் அல்ஃப் ப்ரொய்சனும் அதில் கதை சொல்லி, பாட்டுக் கட்டி, நாடு முழுவதற்கும் ஒரே பிள்ளைப்பருவத்தைக் கொடுத்துவிட்டார்கள். வடக்கே மீன்பிடிக் கிராமத்தில் பிறந்தவரும் ஒஸ்லோவில் பிறந்தவரும் ஒரே பாட்டில் சேர்வது அதனால்தான். ப்ரொய்சனின் எலிப் பாட்டு இல்லாமல் இங்கே நத்தார் இல்லை.

எல்லாவற்றிலும் என்னை ஆட்டிப்போட்டது எக்னரின் ஏலக்காய் நகரம் என்ற கதைப் புத்தகம், 1955இல் வந்தது. அந்த ஊரில் காஸ்பர், யெஸ்பர், யூனத்தான் என்று மூன்று கொள்ளைக்காரர்கள். வீடு ஒரே குப்பை. எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே ஒரு பாட்டு. மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது எங்கள் இல்லத்தில் அதைத்தான் பாடுவார்கள். வீட்டைத் துப்புரவாக்க ஆள் வேண்டும் என்று, தூங்கிக்கொண்டிருந்த சோஃபி மாமியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். மாமி எழும்பி அவர்களையே குளி, கூட்டு, விறகு பிளி என்று விரட்ட, தாங்க முடியாமல் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்த ஊரின் காவல்துறை அதிகாரி பஸ்தியான். ஊருக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் இவ்வளவுதான்: பிறரைத் தொல்லைப்படுத்தாதே, நல்லவனாக இரு, மற்றபடி உன் விருப்பம். கொள்ளைக்காரர்கள் பிடிபட்ட பிறகு, அவர்களைக் கவனித்துக்கொள்பவர் பஸ்தியானின் மனைவி. நல்ல சாப்பாடு, குளிப்பு, அன்பு. கடைசியில் காஸ்பர் தீயணைப்புக்குப் பொறுப்பாகிறார், யெஸ்பர் சர்க்கஸ் நடத்துகிறார், யூனத்தான் வெதுப்பகம் வைக்கிறார்.

இதை நான் என் மகனுக்கு நூலகப் புத்தகத்திலிருந்து வாசித்தபோது, பஸ்தியான் வரும் பக்கங்களில் குரல் தடுமாறியது. எங்கள் ஊரில் சீருடை தெருமுனையில் தெரிந்தால் அம்மம்மா விளக்கை அணைத்துவிடுவார். பிடித்துக்கொண்டு போனவர்களுக்குக் குளிப்பும் சாப்பாடும் கொடுத்தார்கள் என்று யாரும் வந்து சொன்னதில்லை. இங்கே ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லாரும் ஐந்து வயதில் பஸ்தியானைச் சந்திக்கிறார்கள். கிறிஸ்தியான்சாண்ட் மிருகக்காட்சிப் பூங்காவில் 1991இலிருந்து அந்த ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள், பஸ்தியானோடு கைகுலுக்கலாம். வீதியில் பொலிஸ்காரரைப் பார்த்து என் மகன் கையசைக்கிறான். அதற்கு என்னைப் பழக்கியதில் ஏலக்காய் நகரத்துக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது வேறொரு நினைப்பு வந்து நிற்கிறது. 1980களில் இங்கே வந்த எங்கள் ஆட்கள் முதுமைக்குள் வந்துவிட்டார்கள். மறதி நோய் வந்தால் பிந்திப் படித்த மொழி முந்திப் போகும் என்பதை வேலையிடத்திலேயே பார்க்கிறேன். வேறு நாட்டில் பிறந்த ஒருவர் நாற்பது வருடம் பேசிய நோர்வேஜிய மொழியை விட்டுவிட்டுத் தன் தாய்மொழியில் தண்ணீர் கேட்டார். நாளைக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர் ஒருவர் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, மீன் பாட்டும் எலிப் பாட்டும் அவரை எட்டாது. "ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை" என்று எடுத்துக் கொடுத்தால், கூழும் கொழுக்கட்டையும் அவர் வாயில் தானாக வரும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்துப் பாட்டும் வரும். ஆனால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே?

அதனால் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறேன். தெரிந்த முதியவர்கள் வீட்டுக்குப் போனால், சின்ன வயதில் பாடியது என்ன என்று கேட்டு, அவர்கள் பாடுகிறபடியே எழுதுகிறேன். ஊருக்கு ஊர் சொற்கள் மாறுகின்றன. மாற்றத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். கூடவே நோர்வேஜிய எழுத்தில் உச்சரிப்பையும் போடுகிறேன். வேலையில் ஒரு நோர்வேஜியத் தோழி அதைப் பார்த்து "கைவீசம்மா கைவீசு" படித்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டையாவது இப்படி எழுதி, அவர்களுடைய வைத்தியக் கடதாசிகளோடு வையுங்கள். பராமரிப்புக்கு வருகிறவரிடம் மருந்துப் பட்டியல் கொடுக்கும்போது அதையும் கொடுக்கலாம்.