முகாமில் கேட்டதெல்லாம் ராத்திரி கூடவே வந்தால்

வேலூர் பக்கத்து மேல்மொணவூர் மாதிரியான இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு மனு எழுதித் தரவும் ஆறுதலாகப் பேசவும் போகிற தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே நடுவில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. ஷெல்லடி, பதுங்குகுழி, காணாமல்போன பிள்ளை எல்லாமே நம் தமிழிலேயே நேராகக் காதில் விழும். அதனால்தான் சீக்கிரம் பாதிக்கிறது.

அடுத்தவர் துயரத்தைக் கேட்டே நமக்கு வரும் இந்தப் பாதிப்பு வெறும் வேலைக் களைப்பு இல்லை. களைப்பு என்றால் ரெண்டு நாள் லீவில் சரியாகிவிடும். இதில் நாம் பார்க்காத சம்பவம் நம் கனவில் வரும். பட்டாசு வெடித்தால் உடம்பு தூக்கிப்போடும். குறிப்பிட்ட ஒரு வீட்டுப் பக்கம் போகாமலிருக்கக் காரணம் தேடுவோம். வேலை நிமித்தம் இத்தகைய விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் மன அதிர்ச்சிக்குக் காரணமாகலாம் என்று மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடே ஒப்புக்கொண்டிருக்கிறது. மனசு பலவீனமானவர்களுக்குத்தான் இது வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்கென்று 17 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. கடந்த 7 நாளை மட்டும் நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டுத்தொகை 38-ஐ எட்டினால் கவனிக்க வேண்டிய கட்டம். அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

நான் முக்கியமாக நினைப்பது வேலையைப் பிரிக்கும் விதத்தைத்தான். ‘தியானம் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு, ஒரே தன்னார்வலப் பெண்ணிடம் வரிசையாக ஆறு பேரை அனுப்புவது அநியாயம். கனமான விவரம் சொல்லப்போகிறவர்கள் ஒரு தன்னார்வலருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பேர் போதும், அதுவும் மதியத்துக்குள். நடுவில் கால்மணி நேரம் எழுந்து நடக்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் மாதிரி வேலை வைத்துக்கொள்ளலாம். படிவம் கேட்காத விவரத்தை நீங்களும் கேட்காதீர்கள். மரணச் சான்றிதழுக்கு தேதியும் இடமும் வேண்டும், உடல் எப்படிக் கிடந்தது என்பது வேண்டாம். அந்தக் கேள்வி சொல்பவரையும் வதைக்கும். அவராகவே சொன்னால் மட்டும் குறுக்கிடாமல் கேளுங்கள்.

அதிகம் தவறு நடப்பது சாயங்கால டீக்கடையில். ஒருவர் கேட்டதை அப்படியே கொட்ட, கூட இருக்கும் நாலு பேருக்கும் அது ஏறிவிடுகிறது. போதாததற்கு, முகாம்காரர் நம்மை நம்பிச் சொன்ன விஷயம் ரோட்டுக்கு வந்துவிடுகிறது. ‘கஷ்டமான ஒண்ணு, இப்ப சொல்லலாமா?’ என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தாலும் பெயரும் ரத்த விவரமும் வேண்டாம், உங்களை எது உறுத்துகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். சம்பவம் நடந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசச் சொல்வதும் பலன் தருவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அனுபவமுள்ள ஒருவரோடு வாராவாரம் தனியாகப் பேசுவது நல்லது.

தூக்கக் கேடும் கனவும் ஒரு மாதம் தாண்டினால், அல்லது தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தால், தள்ளிப்போடாதீர்கள். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.