வெள்ளைப் பக்கமும் கேள்விக்குறிகளும்: பிஎச்பி பழகும் தம்பியோடு ஒரு நாட்குறிப்பு

2025 ஜூன் 3, செவ்வாய்

சித்தி மகன், வலைப்பக்கங்களைச் சர்வரில் உருவாக்கும் கணினி மொழியான பிஎச்பியைப் பழக ஆரம்பித்திருக்கிறான். ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பதிவுப் பக்கம் செய்கிறான். சாயங்காலம் கூப்பிட்டான். "அண்ணா, பக்கம் வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே வரல."

வெள்ளைப் பக்கம் வந்தால் பெரும்பாலும் பிழை இருக்கிறது, அதைத் திரையில் காட்டாதபடி சர்வரில் அமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவன் கோப்பின் முதல் வரியிலேயே, பிழையைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே எரர்ஸ் அமைப்பை ஆன் செய்திருந்தான். அப்படியும் எதுவும் தெரியவில்லை. பலர் இங்கேதான் மனம் விட்டுப்போகிறார்கள். பிஎச்பி கோப்பை முழுதாகப் படித்து இலக்கணம் சரியா என்று பார்த்த பிறகுதான் முதல் வரியையே இயக்கும். அதே கோப்பில் இலக்கணப் பிழை இருந்தால் அந்த முதல் வரி இயங்கவே இயங்காது. அதனால் பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் ஆன் செய்துவிட்டு சர்வரை மறுபடி தொடங்க வேண்டும், இல்லையென்றால் பிழைகள் பதிவாகும் எரர் லாகைத் திறந்து பார்க்க வேண்டும்.

லாகில் 14ஆம் வரி என்று இருந்தது. அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. 13ஆம் வரியின் கடைசியில் செமிகோலன் இல்லை. பிஎச்பி சொல்லும் வரி எண் அது தடுக்கி விழுந்த இடம். கல் கொஞ்சம் முன்னாலேயே கிடக்கும்.

தளத்தை மக்கள் பார்வைக்கு விடும்போது டிஸ்ப்ளே எரர்ஸை மறக்காமல் அணைக்கச் சொன்னேன். பிழைச் செய்தியில் வரும் கோப்புப் பாதையும் டேபிள் (டேட்டாபேஸ் அட்டவணை) பெயரும் வெளியாட்களுக்குத் தெரியக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

இன்று உறுப்பினர் விவரங்களைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு இணைப்பு. அவன் பார்த்துப் படிக்கும் பாடம் மிகப் பழையது. அதிலுள்ள மைஎஸ்கியூஎல் கனெக்ட் வகை ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன. "அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை" என்று பிழை வந்தால் பாடத்தின் வயதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவற்றுக்குப் பதிலாக இருக்கும் மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் பிழை எண்கள். 2002 என்றால் சர்வரையே எட்டவில்லை. 1045 என்றால் சர்வர் வரை போயாயிற்று, பெயரையோ பாஸ்வேர்டையோ அது ஏற்கவில்லை. 1049 என்றால் உள்ளேயும் போயாயிற்று, அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை எண்ணே சொல்லிவிடுவதால் கண்டபடி எதையும் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அவனுக்கு வந்தது 2002, கூடவே "கோப்பு இல்லை" என்ற செய்தி. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் நெட்வொர்க் வழியாகப் போகாமல் அதே கணினிக்குள் இணைக்கும் சாக்கெட் கோப்பைத் தேடும். அதே கணினியின் நெட்வொர்க் முகவரியான 127.0.0.1 என்று மாற்றியதும் இணைந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

படிவத்தை அனுப்பினால், அதன் மதிப்புகளை பிஎச்பி வைக்கும் போஸ்ட் அரே காலி. உள்ளே இருப்பதைக் காட்டும் வார் டம்ப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்புட்டுகளுக்கு ஐடி கொடுத்திருக்கிறான், நேம் கொடுக்கவில்லை. பிரவுசர் நேமை வைத்துத்தான் அனுப்பும். ஐந்து நிமிட வேலை.

ஜூன் 10, செவ்வாய்

யாரோ முகவரிக்குள் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டார்கள். உடனே 1064, அதாவது டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியில் இலக்கணப் பிழை. "அந்தக் குறியை மட்டும் நீக்கிடவா அண்ணா?" என்றான்.

வேண்டாம் என்றேன். குறியால் குவெரி, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை, உடைகிறது என்றால், வெளியிலிருந்து வரும் எழுத்து நம் கட்டளையின் பகுதியாகிறது என்று பொருள். கெட்ட எண்ணத்தோடு வருபவர் அதே வழியாக நுழைந்து மொத்தப் பட்டியலையும் எடுத்துக்கொள்ள முடியும். குவெரியில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாக பைண்ட் செய்யும் (இணைத்து அனுப்பும்) ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்தான் சரியான வழி. இதைத் தொடக்கப் பாடங்கள் கடைசி அத்தியாயத்தில் வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. முதல் குவெரியையே இப்படித்தான் கற்றுத்தர வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன்: கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும்தான். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் இருக்கும் இடத்தில் வைத்தால் வேலை செய்யாது.

ஜூன் 14, சனி

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வருகின்றன. நம் மொழியில் எழுதும் எவருக்கும் இது ஒருநாள் வரும், அதனால் நிதானமாக உட்கார்ந்தோம்.

எழுத்து எங்கே கெட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சேமித்ததே கேள்விக்குறியா, அல்லது சரியாகச் சேமித்து, வெளியே வரும் வழியில் மாறுகிறதா? மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் என்றொரு ஃபங்ஷன் உண்டு. பெயரை அதற்குள் கொடுத்து செலக்ட் செய்தால் பைட்டுகள் தெரியும். 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறிதான் இருக்கிறது, அந்தப் பெயரை மீட்க முடியாது. இ0 என்று தொடங்கும் மூன்று மூன்று பைட்டுகளாக வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது.

பத்திரமாகத்தான் இருந்தது. டேபிளின் எழுத்துத் தொகுப்பு எல்லா மொழிக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4, ஆனால் இணைப்பின் தொகுப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. அந்தத் தொகுப்பில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் கேள்விக்குறி வந்திருக்கிறது. இணைத்தவுடன் செட் சார்செட் ஃபங்ஷனில் யூடிஎஃப்8எம்பி4 என்று ஒரு வரி சேர்த்ததும் பெயர்கள் எல்லாம் தமிழில் வந்தன. வெறும் யூடிஎஃப்8 என்று போட்டாலும் தமிழ் வரும், ஏனென்றால் நம் எழுத்துகளுக்கு 3 பைட் போதும். இமோஜிக்கு 4 பைட் வேண்டும், அங்கே அது உடைந்துவிடும்.

இன்னொன்றும் இதோடு ஒட்டி வருகிறது. சொல்லின் நீளத்தைச் சொல்லும் பிஎச்பி ஃபங்ஷனான ஸ்ட்ரிங்லென் எண்ணுவது பைட்டுகளை. "அம்மா" என்று கொடுத்தால் 15 என்று சொல்லும். எம்பி ஸ்ட்ரிங்லென் 5 என்று சொல்லும், புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுவதால். கண்ணுக்குத் தெரியும் 3 வேண்டுமென்றால் கிராஃபீம் ஸ்ட்ரிங்லென். பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று பைட் கணக்கில் சோதித்தால் பாதித் தமிழ்ப் பெயர்கள் நிராகரிக்கப்படும்.

ஜூன் 18, புதன்

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்க முடியாத எழுத்துவரிசையாக (ஹேஷ்) மாற்றும் பாஸ்வேர்ட் ஹேஷ் ஃபங்ஷன் இப்போது பொதுவாகத் தருவது 60 எழுத்து பிகிரிப்ட். அவன் டேபிளில் அதற்கான நெடுவரிசை வார்ச்சார் 50, அதாவது 50 எழுத்துதான் கொள்ளும். அந்த சர்வரில், பொருந்தாத மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்ததால் மீதியை வெட்டிவிட்டு, எச்சரிக்கையோடு மட்டும் சேமித்திருக்கிறது. ஸ்ட்ரிக்ட் மோட் இருந்திருந்தால் பதிவு செய்யும்போதே பிழை வந்திருக்கும். அதை ஆன் செய்தோம், நெடுவரிசையை 255 ஆக்கினோம். வெட்டுப்பட்ட ஹேஷ்களை இனி நீட்ட முடியாது, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் புதுப் பாஸ்வேர்ட் வைக்கத்தான் வேண்டும். அதற்கான மின்னஞ்சலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.