செல்ஃப் வயரில் ஒரு ரிலே

நாமக்கல்லில் லாரி எலக்ட்ரீசியன் பட்டறை வைத்து 22 வருஷம் ஆகிறது. ஹெட்லைட், டைனமோ, செல்ஃப் மோட்டார் என்று வருகிற வேலைகளுக்கு நடுவில் மாதத்துக்கு நாலைந்து ஓனர்களாவது கேட்பது கட் ஆஃப் சுவிட்ச். சாவி போட்டுத் திருப்பினாலும் வண்டி கிளம்பக் கூடாது, அதற்கு எங்கேயாவது ஒளித்து ஒரு சுவிட்ச் வேண்டும், அவ்வளவுதான். எங்கே ஒளிப்பேன் என்று இங்கே எழுத மாட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழே மட்டும் வைப்பதில்லை. திருடன் முதலில் கையை விடுகிற இடம் அதுதான்.

நான் தொழில் கற்ற காலத்தில் இந்த வேலை எங்களிடம் அவ்வளவாக வராது. பழைய டீசல் இன்ஜினுக்கு ஓடுவதற்குக் கரண்டே வேண்டாம், பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பல வண்டிகளில் ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் இன்ஜின் அணையும். பேட்டரி இரண்டையும் கழற்றிக்கொண்டு போனாலும், இறக்கத்தில் உருட்டி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். அதனால் விவரமான டிரைவர்கள் டேங்கிலிருந்து வருகிற டீசல் லைனில் ஒரு வால்வு போட்டு, அதை மூடிவிட்டுத் தூங்கப் போவார்கள். திருடுகிறவன் சந்தோஷமாகக் கிளம்புவான். குழாயிலும் ஃபில்டரிலும் மிச்சம் இருக்கிற டீசல் தீர்ந்ததும் நின்றுவிடும். வால்வைக் கண்டுபிடித்துத் திறந்தாலும் லைனில் காற்று ஏறியிருக்கும், கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். நடுரோட்டில் நின்று அதைச் செய்ய எந்தத் திருடனுக்குப் பொறுமை இருக்கும்? எனக்கு இன்றைக்கும் அந்த வால்வு மேல் ஒரு மரியாதை உண்டு.

அப்புறம் டீசலைக் கரண்ட் மூலம் அளந்து விடுகிற காமன் ரயில் இன்ஜின் வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதி நாடு முழுக்கக் கட்டாயமானது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. இன்ஜினை ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் போகிற சப்ளையை நிறுத்தினால் டீசல் அந்த நொடியே நிற்கும். ஜிபிஎஸ் பெட்டி விற்கிறவர்கள் கூடவே கரண்டால் இயங்குகிற சுவிட்சான ஒரு ரிலேயும் தருகிறார்கள். ஓனர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் பட்டனைத் தட்டினால் ஆந்திராவில் ஓடுகிற வண்டி நிற்கும். தவணை பாக்கி என்றால் கடன் கொடுத்தவரும் தட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

தெரிந்த ஓனர் ஒருவர் இப்படி ஒன்றை வேறொரு பட்டறையில் மாட்டியிருந்தார். பெங்களூரில் ஏற்றிய லோடு, தர்மபுரியில் இறக்க வேண்டியது. மதியமே இடம் சேலத்துக்கு மாறிவிட்டது. டிரைவரிடம் அதைச் சொன்ன மகன் அப்பாவிடம் சொல்லவில்லை. ராத்திரி அவர் போனைப் பார்க்கிறார், வண்டி தர்மபுரியைத் தாண்டிப் போகிறது. டிரைவர் போன் எடுக்கவில்லை. தட்டிவிட்டார். வண்டி அப்போது தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில்.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்த டிரைவர் உட்காரவே இல்லை. "அண்ணா, கிளட்சை மட்டும் மிதிச்சிருந்தேன்னா இன்னைக்கு இப்படி நின்னு பேசிட்டு இருக்க மாட்டனுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. வண்டி கியரில் இருந்ததால், டீசல் போகாத இன்ஜினைச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே வந்தன. அது சுற்றுகிறவரை ஸ்டீயரிங் பம்பும் ஏர் கம்ப்ரஸரும் வேலை செய்யும். கிளட்சை மிதித்திருந்தால் இன்ஜின் மொத்தமாக நின்று ஸ்டீயரிங் கல்லாகியிருக்கும். லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது, ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஏர் டேங்கில் காற்று குறையும், திரும்ப ஏறாது. ஒரு அளவுக்குக் கீழே போனால் பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், முழு லோடோடு, அந்த வளைவில். புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் ஏற்கெனவே கரண்டோடு போய்விட்டது. அவர் கியரை மாற்றாமல், பிரேக்கைக் கணக்காக மிதித்து, இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தியிருக்கிறார். இருபது வருஷ சர்வீஸ். வண்டி திடீரென்று செத்தால் நானாக இருந்தால் முதலில் கிளட்சைத்தான் மிதித்திருப்பேன்.

கேபினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈசியூ வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். சால்டர் இல்லை, ஃப்யூஸ் இல்லை. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ரிலே. காயில் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடந்தது.

எல்லாவற்றையும் பிரித்து, ஈசியூ வயரைப் பழையபடி சேர்த்து சால்டர் வைத்தேன். ஒரு 24 வோல்ட் ரிலேயைச் செல்ஃப் ரிலேக்குப் போகிற மெல்லிய வயரில் சேர்த்தேன், அதுவும் 87ஏ காலில். ரிலேக்குக் கரண்ட் வராதவரை அந்தக் கால் சேர்ந்தே இருக்கும். ஜிபிஎஸ் பெட்டியே செத்தாலும் வண்டி கிளம்பும், டிரைவர் நடுக்காட்டில் நிற்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவன் செல்ஃப் மோட்டாரில் ஸ்பேனரை வைத்துச் சுற்றவைப்பான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு அவன் வண்டிக்கு அடியில் படுத்தாக வேண்டும்.

ஓனருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்போ ஓடறப்ப நிக்காதுங்களா?"

"நிக்காதுங்க. நின்னதுக்கப்புறம் கிளம்பாது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தொப்பூரைப் பற்றி அவரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டார், சொன்னேன். வைக்கப் போகும்போது குரலைத் தணித்துக்கொண்டு, "ரிலேயை எங்க மாட்டியிருக்கீங்கன்னு டிரைவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

சரிங்க என்றேன். காலையிலிருந்து எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவரே அந்த டிரைவர்தான்.