திறந்து பார்த்தியா மக்களே?

2009-ல் மார்த்தாண்டத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே கடை முதலாளி அண்ணாச்சி என் கையில் 2 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். மூடி தொலைந்து போயிருந்தது. ஓட்டையில் சிவப்பு நூல் கட்டியிருந்தார், சட்டைப் பையிலிருந்து விழாமல் இருக்க. கல்யாணக் கார்டு, அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், நினைவு அட்டை எல்லாம் எங்கள் கடையில் டைப் அடித்து டிசைன் செய்வோம். அச்சடிக்கத் தேவையான பிளேட் எடுப்பது நாகர்கோவிலில். எங்களிடம் இருந்த நெட்டில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பெரிய ஃபைலை அனுப்பி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே ஃபைலை ஏற்றிக்கொண்டு வடசேரி பஸ்ஸில் போவது என் வேலை. தக்கலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்.

நான் முதன்முதலில் கொண்டுபோன கல்யாணக் கார்டு அங்கே திறந்தபோது, மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. காரணம் சின்னதுதான். பாமினி ஃபாண்டில் ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் பதிவாவது தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அந்த ஐந்துக்கும் தமிழ் உருவம் கொடுப்பது ஃபாண்டு. எங்கள் கடையில் வைத்திருந்த பாமினி அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அந்தக் குடும்பமே நாள் பார்த்து, பெயர் வரிசை பார்த்து, யாரை முதலில் போடுவது என்று பேசி முடித்து எழுதித் தந்த அழைப்பு, வழியில் எங்கேயும் கெடாமல், ஒரு எழுத்தும் குறையாமல் வந்து, படிக்க முடியாமல் நின்றது.

மார்த்தாண்டத்துக்குத் திரும்பி, ஃபாண்டை ஏற்றிக்கொண்டு மறுபடியும் போனேன். ராத்திரி கடை பூட்டும்போது அண்ணாச்சி சத்தம் போடவில்லை. “இங்க திறந்தா போதாது மக்களே, போற இடத்துல திறக்கணும். அதுவரைக்கும் நீ கொண்டு போவல்ல” என்றார். ‘மக்களே’ என்பது எங்கள் பக்கம் ஒருவரைப் பாசமாகக் கூப்பிடுவது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கும் கேள்வி, “திறந்து பார்த்தியா மக்களே?”

அதற்குப் பிறகு ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டேன். ஃபைல், அதில் பயன்படுத்திய ஃபாண்டுகள், அப்புறம் படங்கள். படங்களை மறப்பவர்கள்தான் அதிகம். பேஜ்மேக்கரில் பெரிய படம் ஃபைலுக்குள் உட்காராது. ‘இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற இணைப்பு மட்டும்தான் இருக்கும். தனியாக எடுத்துப் போகாவிட்டால் போகிற இடத்தில் மங்கலாகத்தான் அச்சாகும். 2010-ல் தமிழ்நாடு அரசு, தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் பொதுமுறையான யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அதனால் எங்களைப் போன்ற கடைகளில் பாமினி அப்புறமும் ரொம்ப நாள் ஓடியது.

திரையில் நூறு சதவீதம் வந்ததும் பென் டிரைவைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனசு பதறும். கம்ப்யூட்டர் சில நேரம் ஃபைலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, பிறகுதான் மெதுவாக எழுதும். பென் டிரைவின் சின்ன விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து உடனே கழற்றலாம் என்பதே இயல்பான அமைப்பு. அப்போதும், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் போனது போனதுதான். இன்னொன்று, ‘கட்’ செய்து ஒட்டவே கூடாது. காப்பி எடுத்து, போன இடத்தில் திறந்து பார்த்த பிறகு பழையதை அழித்தால் போதும்.

ஷார்ட்கட் வைரஸ் பரவிய காலத்தில் தினமும் யாராவது அழாத குறையாக வந்து நிற்பார்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். ‘எல்லாம் போயிட்டு, ஃபார்மட் அடிச்சிருங்க அண்ணே’ என்பார்கள். போயிருக்காது. வைரஸ் அவற்றை மறைத்துவைத்திருக்கும், அவ்வளவுதான். முதலில் வைரஸை அழித்துவிட்டு, கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் அட்ரிப் என்று ஒரு வரி அடித்தால் மறைந்தது வெளியே வந்துவிடும். பிஎட் படித்த ஒரு பெண் தன் ஆய்வுக் கட்டுரை திரும்பக் கிடைத்ததும் கடைக்கு வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துவிட்டு வந்து காசு கொடுத்தாள். அண்ணாச்சி வாங்கவில்லை.

கல்யாண வீடியோ ஏறவில்லை என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பென் டிரைவ் பழுதாகியிருக்காது. பென் டிரைவ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று ஃபேட்32; அதில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு ஃபார்மட் அடித்து எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடித்த காலை. ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, கன்னியாகுமரி மாவட்டமே இருட்டில் கிடந்தது. செல்போனில் பேசுவதே பாடாக இருந்தது. சில நாள் கழித்து அண்ணாச்சி ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் மட்டும் ஓட்டினார். அன்று மத்தியானம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் மடக்கிய பென் டிரைவ். அதற்குள் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலும் படங்களும். அதிகாரிகளிடம் கொடுக்கப் பத்து பிரதி வேண்டும் என்றார்கள்.

பட்டியல் யூனிகோடில் இருந்தது, நல்லபடியாகத் திறந்தது. வள்ளத்தின் பெயர், ஆளின் பெயர், வயது, வீட்டில் யார் யார். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆதாருக்கு எடுத்தது, பெருநாளுக்கு எடுத்தது, கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியது. பதினேழாவது படம் பாதிதான் வந்தது. நெற்றியும் கண்ணும் தெரிந்தன; மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்வதற்குள் அடிக்க வேண்டும். பேசாமல் அந்த ஒன்றை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

“இது யாரு?” என்று கேட்டேன்.

“அப்பா” என்றான் சின்னவன்.

அண்ணாச்சி ஜெனரேட்டரை நிறுத்தினார். “போய்ட்டு வா மக்களே, அதுவரைக்கும் டீசல் கிடக்கட்டு” என்றார். மரங்கள் விழுந்த ரோட்டில் அவர்கள் போய், சுவரில் மாட்டியிருந்த படத்தைச் சட்டமும் கண்ணாடியுமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவதற்கு இருட்டிவிட்டது. நான் கண்ணாடியைக் கழற்றி ஸ்கேன் செய்தேன். பத்துப் பிரதி. பென் டிரைவிலும் ஏற்றி, கழற்றி, மறுபடி மாட்டித் திறந்து, அவன் கண்ணாலேயே பார்க்கச் சொன்னேன். கடைக் கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரங்களில் சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரை சேர்ந்து திரும்பினார்கள்.

அடுத்த நவம்பரில் சின்னவன் தனியாக வந்தான். ஓராண்டு நினைவு அட்டை அடிக்க வேண்டும், வீட்டில் இருந்த படம் மழையில் ஊறிப்போயிற்று, உங்களிடம் இருக்குமா அண்ணே என்று கேட்டான். ஃபோல்டரைத் திறந்தேன். பதினேழாவது படம் முழுசாக வந்தது.