சாவி கைக்கு வரும்வரை

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஷோரூமிலிருந்து குறுஞ்செய்தி. லீஸ் நிறுவனத்தைக் கேட்டால், அப்படி ஒரு தகவலே தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். குத்தகைக் காரில் இதுதான் தொல்லை. மாதாமாதம் பணம் கட்டப்போவது நான். ஆனால் கார் லீஸ் நிறுவனத்துடையது. ஷோரூம்காரர் கண்ணுக்கும் அவர்கள்தான் வாடிக்கையாளர். நான் வண்டியை ஓட்டிப்போக வந்த ஆள், அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

நமக்கு வண்டி விற்றவர் விடுப்பில் இருக்கிறார். அவர் இடத்தில் இருந்த இளைஞர் கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காப்பீட்டுச் சான்று வரவில்லை மேடம், அது இல்லாமல் சாவி தர முடியாது" என்றார். காப்பீடு எடுக்க வேண்டியது லீஸ் நிறுவனம். அவர்களைக் கேட்டால், ஷோரூம் அனுப்பிய, வண்டியின் அடையாளமான சேசிஸ் எண்ணைக் கணினி ஏற்க மறுக்கிறது என்று பதில். இரு தரப்புக்கும் நடுவில் பந்தாக உருண்டு அலுத்து, அந்த எண் இருந்த படிவத்தை நானே வாங்கிப் பார்த்தேன். 17 இலக்கம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் மட்டும் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து 'ஓ'. சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்றுதான் அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் கார் விற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! "சின்னப் பிழைதான் மேடம்" என்றார். அந்தச் சின்னப் பிழையோடு வெறுங்கையாக வீடு திரும்பினேன்.

மார்ச் 12, புதன்

காப்பீடு வந்துவிட்டது. இன்று முதல் காப்பீடு ஓடுகிறது, வண்டி ஓடவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஒருவழியாக வண்டி கிடைத்தது, சண்டை இல்லாமல் அல்ல.

போனதும் காகிதத்தை நீட்டினார்கள். "ஒரு கையெழுத்து போட்டுவிடுங்கள், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்." அதில் இருப்பதோ 'வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம். என் ஒப்பந்தப்படி, அதில் கையெழுத்திட்ட நாளிலிருந்து குத்தகை தொடங்கும். அதில் குறிக்கப்படாத ஒவ்வொரு கீறலும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் என் கணக்கில் ஏறும். சொந்தக் கார் வாங்குகிறவர் கீறலைப் பார்த்து வருத்தப்படுவதோடு சரி. குத்தகைக்காரர் அதற்குத் தண்டமும் கட்ட வேண்டும்.

வண்டியை அப்போதுதான் கழுவி, நீர்த்துளிகளோடு நிறுத்தியிருந்தார்கள். துளி இருக்கும் இடத்தில் கீறல் தெரியாது. துடைக்கச் சொன்னேன். துடைத்ததும் பின்பக்க பம்பரின் மேல் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு; நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. "பாலிஷ் போட்டால் போய்விடும் மேடம்." "அப்படியானால் போட்டுவிட்டே கொடுங்கள்." பாலிஷ் போட்டார்கள், போகவில்லை. படம் எடுத்து, படிவத்திலும் எழுதினேன். டயர்களில் காற்று அளவுக்கு மிஞ்சி இருந்தது. லாரியில் ஏற்றி வரும்போது கூடுதலாக அடைத்ததை யாரும் குறைக்கவில்லை.

இரண்டாவது சாவியைக் காணோம். கூரியரில் அனுப்புவார்களாம். 'ஒரு சாவி மட்டுமே பெறப்பட்டது' என்று நான் எழுதத் தொடங்கியதும், அதுவரை கண்ணாடி அறைக்குள் தலை நிமிராமல் இருந்த மேலாளர் எழுந்து வந்தார். அடுத்த சில நிமிடங்களில் அதே மேசையின் இழுப்பறையிலிருந்து சாவி வெளிப்பட்டது.

மார்ச் 15, சனி

காலையிலேயே ஷோரூம் சேவைக்கு மதிப்பெண் கேட்டுக் கருத்துக்கணிப்பு வந்தது. பின்னாலேயே அந்த இளைஞரின் அழைப்பு: "பத்துக்குக் குறைந்தால் எனக்குத்தான் சிக்கல் மேடம்." பாவம், அவரைக் கடிந்துகொண்டு என்ன பயன்? அவருடைய நடத்தைக்குப் பத்து போட்டேன். டெலிவரிக்கு மூன்று. காத்திருப்பு அறையின் இருக்கைகள் வசதியாக இருந்தனவா என்றும் ஒரு கேள்வி. அதற்கும் பத்து, அதைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யார்?